இரைச்சலை மறைத்து வீடு விற்கலாமா?

புது தில்லி: வீடு வாங்குவோர் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது என அனைத்தையும் சரிபார்க்கின்றனர். ஆனால், நள்ளிரவில் தலைக்கு மேல் விமானம் பறக்குமா, பக்கத்துத் திருமண மண்டபத்தில் எத்தனை மணி வரை ஒலிபெருக்கி முழங்கும் என்பதை எந்த ஆவணமும் தெரிவிப்பதில்லை. அதைச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டா என்ற கேள்விக்குச் சட்டத்திலும் நேரடிப் பதில் இல்லை.

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவில் ஒரு கடமையை விதிக்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்துடன் கண்டறிய இயலாத முக்கியக் குறைபாடு சொத்தில் இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். மறைத்தால் அது மோசடி. ஆனால், இரைச்சல் சொத்தில் உள்ள குறைபாடா அல்லது அதற்கு வெளியே உள்ள தொல்லையா? நேரில் சென்று பார்த்தாலே தெரிந்துவிடாதா? இந்த இரு வாதங்களும் விற்பவருக்கே கைகொடுக்கும்.

இரண்டாவது வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்குத் தில்லியே சான்று. இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் 4,430 மீட்டர் நீள மூன்றாவது ஓடுபாதை 2008-ல் திறக்கப்பட்ட பின், வசந்த் குஞ்ச் பகுதியில் இரைச்சல் பெரும் பிரச்னையானது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. காற்றின் திசைக்கேற்ப விமானங்கள் இறங்கும், ஏறும் திசை மாறும். ஒரு பிற்பகலில் வீட்டைப் பார்த்துச் செல்பவருக்கு இரவின் நிலைமை தெரிய வாய்ப்பில்லை.

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. திட்ட அனுமதிகள், வரைபடம், அமைவிடம் ஆகியவற்றைக் கட்டுமான நிறுவனங்கள் வெளியிட வேண்டும். விளம்பரத்தில் பொய் சொன்னால் இழப்பீடு தர வேண்டும். அதாவது, "அமைதியான சூழல்' என்று விளம்பரம் செய்தால் கேள்வி கேட்க வழியுண்டு, எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டால் இல்லை. தனிநபர்கள் இடையிலான மறுவிற்பனை இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதே இல்லை.

இத்தனைக்கும் அளவுகோல் இல்லாமலில்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. இரைச்சலின்றி வாழ்வது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ல் தொடங்கிய தேசிய ஒலிக் கண்காணிப்புத் திட்டத்தில் தில்லி, மும்பை, சென்னை உள்ளிட்ட 7 நகரங்களில் 70 நிலையங்கள் அமைக்கப்பட்டன. அந்த அளவீடுகளுக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும்தான் தொடர்பே இல்லை.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி விற்பவர் கருத்துக் கூற வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வீண் வழக்குகளே மிஞ்சும். மாறாக, தாம் அளித்த புகார்கள், வந்த நோட்டீஸ்கள், நிலுவை வழக்குகள் ஆகியவற்றை மட்டும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கச் சொல்வது நடைமுறை சாத்தியம். விமானப் பாதை, புதிய ஓடுபாதை போன்றவற்றை விற்பவரே அறிந்திருக்க மாட்டார். அவற்றை வெளியிடும் பொறுப்பு அரசு அமைப்புகளுடையது.

சொத்து மாற்றமும் ஆவணப் பதிவும் பொதுப் பட்டியலில் உள்ளவை. எனவே மத்திய அரசு, மாநில அரசுகள் ஆகிய இரண்டுமே சட்டத்தைத் திருத்த முடியும். யாரும் முன்வராத வரை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குபவர், இரவில் ஒருமுறை அங்கு சென்று காது கொடுத்துக் கேட்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.