விருந்து மண்டபத்திற் கற்ற பாடம்

சென்ற தவணை விடுமுறையில் நாம் குடும்ப சமேதராய்ப் பாசிக்குடாவுக்குச் சென்று, கடலோரத்து உல்லாச விடுதியொன்றில் ஓரிரவு தங்கியிருந்தோம். ஆண்டு முழுவதும் சுண்ணக்கட்டித் தூளோடு வாழும் ஆசிரியனுக்கு இஃது ஆடம்பரமன்றோ என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். ஆடம்பரந்தான். ஆயினும் பிள்ளைகளுக்கு ஈராண்டாகக் கொடுத்துவந்த வாக்கை எத்தனை முறைதான் ஒத்திவைப்பது? திரும்பி வந்ததும் அக்கடலின் அழகைப் பற்றி இப்பகுதியில் எழுதலாமென்றே எண்ணியிருந்தோம். ஆனால், அங்கே உண்ட ஓர் இராப்போசனம் கடலையும் மறக்கச் செய்துவிட்டது.

பாசிக்குடா, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில், கல்குடாவுக்கு அருகே, பிறை போல் வளைந்து கிடக்கும் ஒரு குடா. ஆழமற்ற கடல்; கரையிலிருந்து வெகுதூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்துச் சென்றது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே புதிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கடல் அமைதியாயிருக்கும் காலமே இங்கு உல்லாசப் பயணிகள் வரும் காலம். வாடைக்காற்றும் மாரிமழையும் தொடங்கினால் விடுதிகளில் ஆட்கள் குறைந்துவிடுவர்.

இத்தகைய விடுதிகளுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தவர்க்கு உதவக்கூடிய இரண்டொரு விடயங்களை முதலிற் கூறிவிடுகின்றோம். அறைக்கு விலை பேசும்போது பி. பி., எச். பி., எப். பி. என மூன்று சுருக்கங்களைச் சொல்வர். முதலாவது, அறையும் காலையுணவும். இரண்டாவது, அவற்றோடு இன்னொரு வேளை உணவும் சேர்ந்தது. பெரும்பாலும் அஃது இராப்போசனமாயிருக்கும். மூன்றாவது, மூன்று வேளை உணவும் அடங்கியது. விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டற் குறிகள் காணப்படின், சேவைக் கட்டணமும் வரிகளும் இன்னும் சேர்க்கப்படவில்லையென்பது பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். பெறுமதி சேர் வரி 2024 சனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்தாலே 5000 ரூபாச் சாப்பாடு 6400 ரூபாவுக்குக் குறையாது. கணக்குப் பார்த்துச் செல்வது மானக்குறைவன்று. பாராமற் சென்று பற்றுச்சீட்டைக் கண்டு முகம் வாடுவதே மானக்குறைவு.

நாம் எடுத்தது இரண்டாவது வகை. இரவு ஏழரை மணிக்கு உணவு மண்டபத்துள் நுழைந்தோம். கடற்பக்கம் முழுவதும் திறந்திருந்தது. மேசைகளில் மடித்த வெள்ளைத் துணிகளும், கோப்பைக்கு இருபுறமும் வரிசையாக முள்ளுக்கரண்டிகளும் கத்திகளும். அவற்றுள் எதனை முதலில் எடுப்பது என்று எமது சிறிய மகள் கேட்டாள். வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக ஒவ்வொன்றாய் எடுத்துவரவேண்டுமென்று எங்கோ வாசித்ததைக் கூறி, தந்தையின் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டோம்.

நடுவிலே நீண்ட மேசைகளில் உணவு பரப்பப்பட்டிருந்தது. வேண்டியதை வேண்டிய அளவு தாமே எடுத்துண்ணும் ‘பஃபே’ முறை. ஒருபுறம் நூடில்ஸ், மக்கரோனி, சுட்ட மீன், இறால், நண்டு. மறுபுறம் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சூடாக வார்க்கப்படும் அப்பம். கடைசியில் பலநிறப் புடிங் வகைகளும் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். அன்று வெள்ளிக்கிழமை. எமது இல்லத்தரசியார் வெள்ளியில் மரக்கறியன்றி வேறொன்றும் தீண்டாதவர். மரக்கறிச் சூப் என்று எழுதியிருந்த பாத்திரத்தின் முன் சற்றுத் தயங்கி நின்றார்.

அவ்வேளை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த இளைஞரொருவர் விரைந்து வந்து, “அம்மா, அது மரக்கறிதான், ஆனா இண்டைக்குக் கோழி அவிச்ச தண்ணியிலதான் செய்தவை. நீங்கள் எடுக்க வேண்டாம். பத்து நிமிசம் பொறுங்கோ, வேற செய்விச்சுக் கொண்டு வாறன்” என்றார். பின்னர் எமது பக்கம் திரும்பி, ஒரு கணம் உற்றுநோக்கி, “சேர்!” என்றார்.

எமது பழைய மாணவன். கட்டுரைப் பாடத்திற் கெட்டிக்காரன். கணிதத்தில் எமது சக ஆசிரியரின் தலைவலி. சாதாரணதரப் பரீட்சையோடு கல்லூரியை விட்டு நீங்கியவன். பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது.

எமது உள்ளத்தில் முதலில் எழுந்த உணர்ச்சி யாது என்பதை மறையாமற் கூறவேண்டும். மகிழ்ச்சியன்று, இரக்கம். ‘ஐயோ, இவன் இங்கேயா வந்து சேர்ந்தான்’ என்னும் இரக்கம். “தம்பி, நீ இஞ்சையோ வேலை?” என்று நாம் கேட்ட குரலிலே அவ்வுணர்ச்சி வெளிப்பட்டிருக்க வேண்டும். அவன் சிரித்தான்.

“ஓம் சேர். சேர் சொன்னது பலிச்சுப் போச்சு. முதல் ஆறு மாசமும் உள்ளுக்கை நிண்டு கோப்பைதான் கழுவினனான்.”

அவன் குற்றஞ் சாட்டவில்லை. பழைய வகுப்பறைப் பகிடியொன்றை நினைவுகூர்ந்தவன் போலவே கூறினான். எமக்கோ உண்ட அப்பம் தொண்டையில் நின்றது. “படியாவிட்டால் ஹோட்டலிலே கோப்பை கழுவத்தான் போவாய்” என்பது நம் நாட்டு ஆசிரியர் பலர் நாவிலே வழங்கிவரும் வாக்கியம். நாமும் எத்தனையோ தடவை கூறியிருக்கின்றோம். கேட்ட பிள்ளைகள் சிரிப்பார்கள், நாமும் சிரிப்போம். அவ்வாக்கியம் ஒருவனோடு இத்தனை ஆண்டு கூடவே வரும் என்று நாம் கருதியதில்லை.

பத்து நிமிடத்தில் அவன் கொண்டுவந்த சூப்பை எமது இல்லத்தரசியார் பருகினார். இடையிடையே எமது மேசைக்கு வந்து நின்றபோதெல்லாம் அவன் கூறியவற்றிலிருந்து ஒரு தொழிலின் உள்ளும் புறமும் எமக்குச் சிறிது விளங்கின. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவனுக்குச் சரளம். ஜேர்மன் மொழியிலும் வரவேற்கவும், உணவை விளக்கவும் கற்றிருக்கின்றான். விருந்தினர் ஒருவருக்குக் கச்சான் ஒவ்வாது, இன்னொருவருக்கு இறாலோ நண்டோ ஒவ்வாது. அதைக் கேட்டறிந்து சமையலறைக்குச் சொல்ல மறந்தால் ஓர் உயிருக்கே ஆபத்து நேரலாம். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிரூட்டிய உணவு 5 பாகைக்குக் கீழும் இருத்தல் வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்திருத்தலாகாது. இவற்றை அவன் மனப்பாடமாகக் கூறியபோது, எமது வீட்டில் மத்தியானக் கறி இரவு வரை அடுப்பங்கரையில் இருப்பதை எண்ணி நாமும் இல்லத்தரசியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நம் நாட்டில் உல்லாசப் பயணச் சபை 1966 இல் நிறுவப்பட்டது. ஹோட்டற் கலையைப் பயிற்றும் பாடசாலையும் 1960களிலேயே தோன்றிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அரசாங்கமே பாடசாலை வைத்துப் பயிற்றும் ஒரு தொழிலை நாம் வகுப்பறையிற் பூச்சாண்டியாகக் காட்டி வந்திருக்கின்றோம்!

இத்தொழிலின் கஷ்டத்தையும் அவன் ஒளிக்கவில்லை. நாம் செலுத்தும் அந்தப் பத்து வீதச் சேவைக் கட்டணத்தைத் திரட்டி ஊழியரிடையே பகிர்ந்தளிப்பது வழக்கம். ஆட்கள் நிறைந்திருக்கும் மாதத்தில் அது சம்பளத்துக்கு நல்ல துணை. ஆளில்லாத மாதத்தில் ஒன்றுமில்லை. 2018 இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். 2021 இலோ, கொரோனாத் தொற்றின் காரணமாக, இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. அக்காலத்தில் அவன் மாமனாரோடு கடலுக்குப் போய் வலை இழுத்தானாம்.

இதற்கிடையில் எமது மகன் மூன்றாம் முறையாக எழுந்து சென்று, நூடில்ஸ், மக்கரோனி, நால்வகைப் புடிங் யாவற்றையும் ஒரே கோப்பையிற் குன்றாகக் குவித்து வந்தான். பாதியை உண்டு மீதியைத் தள்ளிவைத்தான். “காசு குடுத்ததுதானே அப்பா” என்றான். அடுத்த மேசையிலே நம்மவர் குடும்பமொன்று. அவர்களுடைய கோப்பைகளும் அவ்வாறே நிறைந்து கிடந்தன. குடும்பத் தலைவர் விரலைச் சொடுக்கி, “டேய், இதுகளை எடு” என்று எமது மாணவனை அழைத்தார். அவன் முகம் மாறாமற் சென்று, “நன்றி சேர்” என்று கூறி எடுத்துச் சென்றான். எம்மை அழைத்த அதே ‘சேர்’. எமக்கு அந்தச் சொல் அன்று கசந்தது.

காலையில், அவனுடைய மேற்பார்வையாளரின் அனுமதியோடு, சமையலறையின் பின்புறத்தை எமது மகனுக்குக் காட்டினான். மூடியிட்ட பெரிய வாளிகள் நிரையாக நின்றன. “தம்பி, மேசையில இருக்கிற பாத்திரத்தில மிஞ்சினால் ஏதும் வழி பாக்கலாம். ஒருத்தற்ற கோப்பைக்கு வந்திட்டால் அது பிறகு இந்த வாளிக்குத்தான்” என்றான். சிறிது பொறுத்து, “2022 இல காஸ் இல்லை, அரிசி விலை ஏறிப் போச்சு. எங்கட வீட்டில அம்மா ஒருநேரந்தான் சமைச்சவ. நான் இஞ்சை நிண்டு இந்த வாளியைக் கழுவினனான்” என்றான். எமது மகன் ஒன்றும் பேசவில்லை. அன்று காலையுணவுக்கு இரண்டு அப்பமும் சிறிது சம்பலும் எடுத்தான். கோப்பையைத் துடைத்து வைத்தாற்போல உண்டு முடித்தான்.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகத்திலே 105 கோடி தொன் உணவு வீணாயிற்று. அதில் உணவகங்களும் அவை போன்றனவும் வீணாக்கியது ஏறத்தாழ 28 வீதம். ஏறத்தாழ 60 வீதம் வீணானது வீடுகளில்! ஆகவே விடுதிக்காரரை மாத்திரம் குறைகூறிவிட்டு நாம் எழுந்துபோக இயலாது.

புறப்படும் வேளை வந்தது. அவனுக்கு ஏதேனும் கொடுக்க வேண்டுமென்று கை சட்டைப்பைக்குச் சென்றது; சென்ற கை அங்கேயே நின்றது. கொடுத்தால் மாணவனுக்குக் கூலி கொடுத்ததாகுமோ? கொடாவிட்டால் ஆசிரியன் என்ற உரிமையில் இனாமாக வேலை வாங்கியதாகுமோ? எமது சங்கடத்தைக் கண்ட இல்லத்தரசியார், ஊழியர் அனைவர்க்கும் பொதுவாக வைத்திருந்த பெட்டியிற் போடும்படி கூறினார். அவ்வாறே செய்தோம். பின்னர், விருந்தினர் கருத்து எழுதும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அவன் பெயரையும், வெள்ளிக்கிழமை விரதத்தை அவன் காத்த வகையையும் நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதினோம்.

அவன் எட்டிப் பார்த்தான். மெல்லத் தலையைச் சொறிந்துகொண்டு, “சேர், குறை நினைக்காதேங்கோ. இங்கிலிசிலயும் நாலு வரி எழுதினால் மனேச்சர் வாசிப்பார்; என்ர பைலிலயும் போடுவினம்” என்றான். எழுதினோம். கல்லூரியில் அவனுக்கு நாம் வழங்கிய சான்றிதழைவிட அந்த நாலு வரி அவனுக்கு அதிகம் உதவக்கூடும்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓரதிகாரம் வகுத்தார். நாம் அதனை விருந்தளிப்போனுடைய கடமையாகவே மாணவர்க்குப் படிப்பித்து வருகின்றோம். பணங் கொடுத்து உண்ணும் இடத்திலே விருந்தினனுக்கும் கடமை உண்டு. உண்ணக்கூடிய அளவை எடுத்தல். போதாவிடின் மறுபடி எழுந்து செல்லல். உணவு கொண்டு வருபவரை விரல் சொடுக்கி அழையாமை. போகும்போது ஒரு நன்றி கூறல். பிள்ளைகள் இவற்றைப் புத்தகத்திலிருந்து கற்பதில்லை. மேசையிலே தாய் தந்தையரைப் பார்த்தே கற்கின்றனர்.

தவணை தொடங்கிய முதல் திங்கட்கிழமை. பத்தாம் வகுப்பிலே ஒருவன் விடுமுறை வேலை எதுவுஞ் செய்யாமல் வந்து நின்றான். பழைய வாக்கியம் பழக்கதோஷத்தால் நாவின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினோம். “உமது வீட்டிலே ஒரு கிழமையில் எவ்வளவு சாப்பாடு வீணாகிறது என்று பார்த்து, ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாரும்” என்றோம். அவன் எழுதி வந்தான். பிழைகள் பல. ஆயினும் கடைசி வரியை வாசித்துவிட்டு முழுப் புள்ளி இட்டோம். ஞாயிற்றுக்கிழமை கோப்பைகளை எல்லாம் தானே கழுவியதாக அவன் எழுதியிருந்தான்.