திறக்காவிட்டால் பரவாயில்லை, ஒழுகக் கூடாது

மாணவர்களே, உங்கள் வீட்டில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் இருக்கிறதா? அதன் கூரையில் சன்ரூஃப் இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் உங்கள் வீட்டிலும் எழும். சன்ரூஃப் பழுதாகிவிடும். பட்டறையில் விசாரித்தால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்பார்கள். "பழைய காருக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்பார் ஒருவர். "விட்டுவிட்டால் மழை உள்ளே வருமே!" என்பார் இன்னொருவர். "சிலிக்கோன் பூசி அடைத்துவிடலாம், வேலை முடிந்தது" என்பார் மூன்றாமவர்.

இன்று சன்ரூஃப் இல்லாத கார்தான் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றாலும் இதைப் படியுங்கள். 2018-இல் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்70 காரின் உயர்ரக வகையிலேயே கூரை நீளத்துக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அந்தக் கார்களுக்கும் வயதாகும். அப்போது அவற்றை இரண்டாம் கையாக வாங்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

சன்ரூஃப் செய்வது இரண்டு வேலை. திறந்தால் காற்றும் வெளிச்சமும் தருகிறது. மூடினால் மழையை வெளியே நிறுத்துகிறது. முதலாவது வசதி, இரண்டாவது தேவை. பழைய காரில் இரண்டாவது வேலைக்கு மட்டும் பணம் செலவழித்தால் போதும். திறக்கும் வசதிக்கான செலவைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. இதற்கான காரணம் அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

மழையை நிறுத்துவது ரப்பர் மட்டுமல்ல

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புதான் மழையைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அந்த ரப்பர் ஒரு சொட்டுகூட விடாமல் தடுக்கும் என்று நம்பி யாரும் சன்ரூஃப்பை வடிவமைப்பதில்லை. அது பெரும்பகுதியைத் தடுக்கும், கொஞ்சம் கசியும். கசியும் நீரைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சட்டமும், அதன் ஓரத்தில் சிறு கால்வாயும் இருக்கும். பெரும்பாலான கார்களில் அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒரு துளை, ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய். முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறமுள்ள தூண்களுக்குள் இறங்கிக் காருக்கு வெளியே வடியும். பின்பக்கக் குழாய்கள் பின்தூண்களுக்குள் இறங்கும். இதற்கு மோட்டார் எதுவும் இல்லை. புவியீர்ப்பு விசையே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடியின் நீளம் 80 சென்டிமீட்டர், அகலம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 0.4 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர் விழும். மணிக்கு 60 மில்லிமீட்டர் வீதம் அடைமழை பெய்தால், 0.4 × 60 = 24 லிட்டர். ஒரு மணி நேரத்தில் அந்தக் கண்ணாடியின் மேல் மட்டும் விழும் நீர் இது. பெரும்பகுதி கூரையில் வழிந்தோடிவிடும். பத்தில் ஒரு பங்கு ரப்பரைத் தாண்டினால்கூட 2.4 லிட்டர் உள்ளே இறங்கும்.

குழாய் சுத்தமாக இருந்தால் அந்த நீர் யாருக்கும் தெரியாமல் தரைக்குப் போய்விடும். இலைத்துகளும் தூசும் பாசியும் குழாயை அடைத்திருந்தால், கால்வாய் நிரம்பி அதே நீர் உட்கூரைத் துணி வழியே உங்கள் தலையில் சொட்டும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அடைபட்ட குழாய்க்கு இங்கே ஓய்வே கிடையாது.

ஒழுகலை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் நாற்றமும் பூஞ்சையும் மட்டும் அல்ல. தரைவிரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சு நீரை உறிஞ்சி நாள்கணக்கில் வைத்திருக்கும். அதே இடத்தில்தான் மின்கம்பிகளும் இணைப்பான்களும் ஓடுகின்றன. பல கார்களில் காற்றுப் பை, இருக்கைவார் ஆகியவற்றின் இணைப்பான்கள் இருக்கைக்கு அடியில் இருக்கும். அவை துருப்பிடித்தால் பாதுகாப்பே கேள்விக்குறியாகும். திறக்காத சன்ரூஃப்பால் இப்படி எந்த ஆபத்தும் இல்லை.

முதலில் சோதனை, பிறகு பணம்

தரை ஈரமாக இருந்தால் உடனே சன்ரூஃப் மீது பழி போட்டுவிடாதீர்கள். நம் வெப்பத்தில் ஏர்கோன் இல்லாமல் கார் ஓடுவது அரிது. காற்றிலுள்ள ஈரம் ஏர்கோனின் குளிர்ந்த பகுதியில் நீராக மாறி, தனிக் குழாய் வழியே வெளியே சொட்டும். அந்தக் குழாய் அடைபட்டாலும் முன்பக்கத் தரை நனையும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க அறிவியல் பாடத்தில் படித்த மாறிகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் தரையை நன்றாக உலர்த்துங்கள். மழையில்லாத இரண்டு நாள் வழக்கம்போல் ஏர்கோனுடன் கார் ஓடட்டும். தரை நனைந்தால் ஏர்கோன் குழாயைச் சந்தேகிக்கலாம். நனையாவிட்டால், காரை ஓட்டாமல் ஒரு மழைக்கு வெளியில் நிறுத்திப் பாருங்கள். இப்போது நனைந்தால் மழைநீர்தான் காரணம்.

அடுத்தது, ஒரு குவளைத் தண்ணீர்ச் சோதனை. சன்ரூஃப் திறக்கும் நிலையில் இருந்தால், பெரியவர்கள் உதவியுடன் திறந்து, முன்மூலைக் கால்வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொருவர் காருக்கு அடியில் பார்க்கட்டும். சில விநாடியில் நீர் வெளியே வந்தால் அந்தக் குழாய் நலம். நீர் அப்படியே தேங்கி நின்றால் அடைப்பு. மெல்லிய, வளையும் நைலோன் கம்பியை மெதுவாக நுழைத்து அடைப்பை நீக்கலாம். பலமாகக் காற்றடிக்கக் கூடாது. குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், நீர் தூணுக்குள்ளேயே கொட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். நீர் சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உட்கூரைத் துணியில் நீர் ஊர்ந்து சென்று வேறோர் இடத்தில் சொட்டலாம். சரிவில் நிறுத்திய காரில் நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும்.

எந்தப் பழுதுக்கு எவ்வளவு?

திறக்காத சன்ரூஃப்பிலும் எல்லாப் பழுதும் பெரிய செலவு வைப்பதில்லை. சில கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் சன்ரூஃப் தன் நிலையை மறந்துவிடும். கார்க் கையேட்டில் சொல்லியபடி பித்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மீண்டும் இயங்கும். செலவு பூஜ்யம். ஃபியூஸ் போயிருந்தால் செலவு மிகச் சிறிது. இவற்றைப் பார்க்காமலேயே பெரிய பழுது என்று முடிவுகட்டுவது வீண்செலவுக்கு வழி.

உண்மையான பெரும்பழுது இயக்கப் பகுதியில் வருகிறது. ஒரே மோட்டார் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்ற, அது வளையக்கூடிய இரண்டு பற்கம்பிகளைத் தள்ளி, கண்ணாடியின் இரு பக்கத்தையும் ஒரே அளவில் நகர்த்தும். பல ஆண்டு வெயிலில் மசகு கெட்டியாகும், பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்கும். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நின்றுவிட்டால் கண்ணாடி கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் உட்கூரை முழுவதையும் இறக்க வேண்டும். உடைந்த சிறு துண்டு தனியாகக் கிடைக்காமல், முழுச் சட்டத்தையும் வாங்க நேரலாம். செலவு அதிகமாவது இதனால்தான்.

இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றுங்கள். "சரிசெய்ய எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "சரியாக மூடி, அப்படியே நிறுத்த எவ்வளவு?" என்று கேளுங்கள். பல பழைய கார்களில் மோட்டாருக்கு அருகே உள்ள துளையில் ஆலன் சாவியைச் செருகிக் கையாலேயே மூடலாம். மூடியபின் மோட்டாரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டால், யாராவது பித்தானை அழுத்தினாலும் கண்ணாடி அசையாது. வடிகுழாய்களும் சுத்தமாக இருந்தால் தேவை நிறைவேறிவிட்டது.

சிலிக்கோன் பூசுவதை நான் ஏற்கவில்லை. வெயிலில் கூரைத் தகடும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன. கார் ஓடும்போது கூரையும் சற்றே அசையும். நாளடைவில் பூச்சு எங்கேனும் பிரியும். அப்போது நீர் உள்ளே போகும், ஆனால் கால்வாயைச் சுத்தம் செய்யக் கண்ணாடியைத் திறக்க வழி இருக்காது. ஒரு மழையைச் சமாளிக்க ஒட்டுநாடா போதும்.

வசதிக்கு என்ன விலை?

எடுத்துக்காட்டாக, கார் 8,000 ரிங்கிட் பெறும், முழுப் பழுதுபார்ப்புக்கு 2,400 ரிங்கிட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காரை இன்னும் 4 ஆண்டு வைத்திருப்பீர்கள். நம் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கு 10 முறை திறந்தால் மொத்தம் 40 முறை. 2,400 ÷ 40 = 60. ஒவ்வொரு முறை வானம் பார்க்க 60 ரிங்கிட்! அதே பணத்தில் தேய்ந்த டயர்களையும் பிரேக்கையும் மாற்றினால் குடும்பமே பாதுகாப்பாகப் பயணம் செய்யும்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். அங்கே வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்கு மட்டுமே. அதைப் புதுப்பிக்காவிட்டால் காரின் பதிவை நீக்க வேண்டும். இரண்டு ஆண்டு மட்டுமே எஞ்சியிருந்தால், வகுக்கும் எண் சிறிதாகி, ஒருமுறைச் செலவு உயர்ந்துவிடும்.

"காரில் இருக்கும் எல்லாமே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விலை குறையும்" என்று சிலர் சொல்வார்கள். விலை குறையலாம். ஆனால் 2,400 ரிங்கிட் செலவழித்த காரை 2,400 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வாங்குவோர் அரிது. விற்கும்போது சன்ரூஃப் திறக்காது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுவதே நேர்மை. ஒழுகலை மறைத்து விற்றால், அடுத்த குடும்பத்தின் தலையில் அந்த நீர் சொட்டும்.

பத்து ஆண்டு வைத்திருக்கப்போகும் கார் என்றால், அல்லது உதிரிபாகம் மலிவாகக் கிடைத்தால், முழுவதும் சரிசெய்வதில் தவறில்லை. எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், விடையும் மாறும்.

இந்த வார இறுதியில் காரைக் கழுவும்போது சன்ரூஃப்பைத் திறந்து அந்த மூலைத் துளைகளைத் தேடிப் பாருங்கள். ஓரத்தில் இலைத்துகள் சேர்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அடுத்த அடைமழைக்கு முன் செய்யக்கூடிய, காசு செலவில்லாத பழுதுபார்ப்பு இதுதான்.