ஸ்பேஸ் விட்டது யார் தப்பு?

புரோகிராமை கம்பைல் செய்து கோர்க்கும் மேக்கிடம் "சேலம் அஸ்தம்பட்டி/கணக்கு.ஓ" என்ற ஃபைலைக் கேட்டுப் பாருங்கள். பெயரை இரண்டாக உடைத்துவிட்டு, 'சேலம்' செய்ய ரூல் இல்லை என்று கைவிரிக்கும். "%.ஓ : %.சி" என்ற பேட்டர்ன் ரூல் சரியாகவே இருந்தாலும் பயனில்லை.

லேபில் உடனே அறிவுரை வரும்: "ஃபோல்டர் பேரில் ஸ்பேஸ் விடாதே!"

1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோது, பெயர்களை ஸ்பேஸால் பிரித்தது நியாயம்தான். ஆனால் 1995-லேயே விண்டோஸ் "புரோகிராம் ஃபைல்ஸ்" என்று ஸ்பேஸ் விட்டுவிட்டதே! பேக்ஸ்லாஷ் போட்டால் ரூலில் தப்பிக்கலாம். பேட்சப்ஸ்ட் ஃபங்ஷனில் மறுபடி உடையும்.

ஊர்ப்பேரை ஒழுங்காக எழுதினவன் செய்த தப்பு என்ன? குறை கருவியுடையது. அப்படியே சொல்லிக் கொடுங்கள். மாணவன் தலையில் கட்டாதீர்கள்.