‘பைலட் பஞ்சம்’ என்னும் கட்டுக்கதை

அமெரிக்காவில் ஒரு சிறுநகரத்துக்கு விமானச் சேவை நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும்: பைலட் கிடைக்கவில்லை. 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் ஏர்வேஸ் திவால் மனு கொடுத்தபோது இதைத்தான் சொன்னது. 2018-ல் கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ் முடங்கியபோதும் இதே பேச்சு. செனட்டர்கள் கவலைப்பட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. கடல் தாண்டி நம் ஊருக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை விமானிப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், உலகம் முழுக்க விமானிகளுக்குப் பஞ்சம் என்று நம்பித்தான் சேர்க்கிறார்கள்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, 2014-ல் இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. விசாரித்த, சிறுநகரங்களுக்குப் பறக்கும் ‘ரீஜனல்’ நிறுவனங்கள் 12-ல் 11, தாங்கள் திட்டமிட்ட அளவுக்குப் புதிய விமானிகளைச் சேர்க்க முடியவில்லை என்றன. பெரிய நிறுவனங்களில் அந்தக் குறையே இல்லை. பஞ்சம் என்றால் ஊரிலுள்ள எல்லா அடுப்பும் அல்லவா அணைந்திருக்க வேண்டும்? அன்றைக்கு ஒரு ரீஜனல் நிறுவனத்தில் சேரும் துணை விமானிக்கு முதல் ஆண்டில் கிடைத்தது சுமார் 22,000 டாலர். அந்தச் சம்பளத்துக்கு ஆள் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சம்பளம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தொழிலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பயணச்சீட்டில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்றிருக்கும். விமானத்தின் வாலிலும் அதே வண்ணம். ஓட்டுவதோ ஸ்கைவெஸ்ட், மெசா, பிஎஸ்ஏ போன்ற வேறொரு நிறுவனத்தின் ஊழியர். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்பதைப் பெரிய நிறுவனம் முடிவு செய்யும். ரீஜனலுக்குப் பெரும்பாலும் பறப்புக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தம் முடியும்போது யார் மலிவாகப் பறக்கிறார்களோ அவர்களுக்கே அடுத்த ஒப்பந்தம். எரிபொருள் விலையும் கட்டணமும் தன் கையில் இல்லாதபோது ரீஜனல் குறைக்கக்கூடியது ஆள் செலவை மட்டுமே.

விமானிகள் முரண்டு பிடித்தால் என்ன ஆகும்? 2014-ல் என்வாய் என்ற ரீஜனலின் விமானிகள் சலுகைகளை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். அவர்கள் ஓட்டிவந்த ஜெட்கள் பல பிஎஸ்ஏ-வுக்குப் போயின. இரண்டுக்குமே முதலாளி அமெரிக்கன் குழுமம்தான் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் டெல்டாவின் ரீஜனலான காமேர். 2001-ல் அதன் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஊதியம் பெற்றார்கள். 2012 செப்டம்பரில் டெல்டா அந்த நிறுவனத்தையே மூடிவிட்டது. மூடியதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற நிறுவனங்களின் பேச்சுவார்த்தை மேசைகளில் காமேர் ஒரு பூச்சாண்டியாகவே நின்றது.

பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு அந்தத் தொழிலின் சீனியாரிட்டி முறை தெரியாது. எந்த ஊரிலிருந்து பறப்பது (பேஸ்), எந்த விமானம், கிறிஸ்துமஸுக்கு யாருக்கு விடுப்பு, யார் எப்போது கேப்டன், ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியே - எல்லாம் சேர்ந்த தேதியை வைத்துத்தான். நிறுவனம் மாறினால் அந்த வரிசை எண் கூடவே வராது. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் புது இடத்தில் நேற்றுச் சேர்ந்த பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும், முதலாண்டுச் சம்பளத்துடன். காமேர் விமானிகள் பலருக்கு இதுதான் நேர்ந்தது. இந்தியாவில் இப்படிக் கட்டிப்போடும் வேலையை நோட்டீஸ் காலம் செய்கிறது: 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதிப்படி கேப்டன் விலக ஓராண்டும் துணை விமானி விலக ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதே நாட்டில் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர்.

இந்தச் சம்பளத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை ஒரு விபத்து வெளியே கொண்டுவந்தது. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து, வீட்டில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார் என்பதே விசாரணையின் முடிவு. குறைந்த சம்பளம்தான் விமானத்தை வீழ்த்தியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணை விமானி எப்படி வேலைக்கு வந்தார் என்பதும் அந்த விசாரணையில்தான் வெளிவந்தது. ஆண்டுக்கு 24,000 டாலருக்கும் குறைவான ஊதியம். சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் வாசம். முந்தைய இரவு முழுக்க சரக்கு விமானங்களில் ஒண்டிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடந்து நியூவார்க் வந்து, ஊழியர் ஓய்வறையில் கிடைத்த நேரம் கண்ணயர்ந்து, பிறகு பணி.

அந்த விபத்துக்குப் பின் வந்த சட்டப்படி, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். முன்பு 250 மணி நேரமே போதும். பஞ்சத்துக்கு இந்த விதியே காரணம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. கோல்கன் விமானிகள் இருவருக்குமே 1,500-க்கு மேல் இருந்ததே என்றும் கேட்கின்றன. கேள்வி நியாயமானது. ஆனால் 250 மணி நேரப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது சம்பளம் உயரவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. விதி வந்தபின் ஆள் சுருங்கியது, பேரம் பேசும் பலம் கொஞ்சம் இடம் மாறியது. அதுதான் நிறுவனங்களை உறுத்துகிறது.

2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் மூன்று ரீஜனல்களும் முதலாண்டுத் துணை விமானியின் மணி ஊதியத்தைச் சுமார் 50 டாலரிலிருந்து 90-க்கு உயர்த்தின. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1,500 மணி நேர விதி அப்படியே இருந்தது. ஆனாலும் விண்ணப்பங்கள் குவிந்தன. இரண்டே ஆண்டில் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் துணை விமானிகள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். அப்படியிருந்தும் பஞ்சத்தைக் காரணம் காட்டி விமானிகளின் ஓய்வு வயதை 65-லிருந்து 67 ஆக்கப் பார்த்தார்கள். 2023-ல் நாடாளுமன்றக் கீழவை அதை நிறைவேற்றியது, 2024-ல் சட்டம் வந்தபோது 65 தப்பியது. சர்வதேச விதி 65-லேயே நிற்கும்போது, அந்த முதியவர்கள் வெளிநாட்டுக்குப் பறக்க முடியாது. உள்நாட்டு வழித்தடங்களுக்கு இறங்கி, மேலே ஏறக் காத்திருக்கும் ரீஜனல் விமானியின் வழியில்தான் நின்றிருப்பார்கள்.

இன்று ரீஜனல்களில் உண்மையான குறை கேப்டன்கள். தகுதி வந்த துணை விமானிகள் பலர் கேப்டன் பதவியை வேண்டாம் என்கிறார்கள். வெளியாருக்கு இது விசித்திரமாகத் தெரியும். கேப்டனானால் கேப்டன்கள் பட்டியலில் கடைசி ஆள். ரிசர்வில், அதாவது எப்போது கூப்பிடுவார்களோ என்று, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், பேஸ் எங்கே என்பது கம்பெனி விருப்பம், வார இறுதி விடுப்பு கனவு. துணை விமானியாகவே இருந்தால் வீட்டுக்கு அருகில், தெரிந்த அட்டவணையில் பறக்கலாம். சில நிறுவனங்கள் அட்டவணையைச் சீர்செய்வதற்குப் பதிலாக, தகுதி வந்ததும் கேப்டனாகியே தீரவேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டன.