பெருநாள் பயணமும் மலைப்பாதையும்



ஹஜ்ஜுப் பெருநாள் இவ்வருடங்களில் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. பெருநாள் கழிந்ததும் பிள்ளைகளோடு இரண்டு நாள் நுவரெலியா போய்வரப் பல குடும்பங்கள் வேன் பேசுகின்றன. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் மே மாதக் கடைசியில்தான்.

இம்மழை மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலேயே கடுமையாகப் பெய்யும். கினிகத்தேனை, ஹட்டன் பாதையிலும் றம்பொடை வளைவுகளிலும் மூடுபனி இறங்கும், மண்சரிவும் ஏற்படலாம். அதே நாட்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் வெயிலும் காற்றுமாக இருக்கும். நுவரெலியாவில் மழை விடாவிட்டால் அறைக்குள் அடைந்து கிடக்காமல் அப்பக்கம் இறங்கிப் பார்க்கலாம்.

2016 மே 17 இல் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களையே மூடியது. எனவே புறப்படும் அன்று காலையில் மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று செய்தியில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழைத்தும் விசாரிக்கலாம்.

சுபஹ் தொழுததும் புறப்படுங்கள். பயணிக்கு ளுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஆகவே நேரம் தப்பிவிடுமே என்று வளைவுகளில் சாரதியை விரட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும், ஒருவேளைச் சாப்பாடு மேலதிகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதை தடைப்பட்டால் ஹலால் கடை தேடி அலைய நேராது.

அறைக்குப் பணம் கட்டியாயிற்றே என்று வீட்டுக்காரர் தயங்கலாம். பாதை சரியில்லை என்றால், "திரும்புவோம்" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதானே தவக்குல்? போன பணத்தைப் பிறகு தேடலாம். பிள்ளைகள் சுகமாக வீடு வந்து சேர்வதே பெரிது.