கட்டாத வீட்டுக்குக் கட்டிய வரி

கட்டாத வீட்டுக்கு வரி கட்டியவள் நான். கிரயப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் என் பெயர் இருக்கிறது. வங்கிக் கடன் என் பெயரிலும் வீட்டுக்காரர் பெயரிலும் இருக்கிறது. வீடு மட்டும் இல்லை. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாச்சு. இனி முடியாது.

2019 கடைசியில், மதுரைக்குப் பக்கத்து நாகமலை புதுக்கோட்டையில் தேனி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு அடுக்குமாடியில் 48 லட்சத்துக்கு வீடு பேசினோம். விற்று லாபம் பார்க்க இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை, நாங்கள் குடியிருக்க. 2022-ல் சாவி என்றார் பில்டர். முதலில் மண்ணில் எங்கள் பங்கான பிரிபடாத பாகத்தை 12 லட்சத்துக்கு எழுதினோம். அன்றைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 1,32,000 ரூபாய் போச்சு. மீதி 36 லட்சத்துக்குக் கட்டுமான ஒப்பந்தம், அதற்கு 2 சதவீதம், 72,000 ரூபாய். அதுவும் போச்சு. இதற்கு மேல் பில்டருக்குத் தரும் ஒவ்வொரு தவணைக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என் வளையலும் ஆரமும் சுவராக மாறவில்லை, ஐயா. ரசீதாக மாறின.

இன்றைக்குப் போய்ப் பாருங்கள். தூண்களுக்கு மேலே கம்பி துருப்பிடித்து நிற்கிறது. கார் நிறுத்தும் இடம் என்று படத்தில் காட்டிய தரையில் சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. நாங்கள் விளாச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாதம் பிறந்தால் ஒரு கையில் வாடகை, மறு கையில் இ.எம்.ஐ. "பால் காய்ச்சுறது எப்பம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என் அத்தை. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

பில்டர் ஏமாற்றினார், சரி. அவரைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 18-வது பிரிவில், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம், போட்ட பணத்தையே திரும்பவும் கேட்கலாம். ஆனால் அரசு வாங்கிய பணத்தை யாரிடம் கேட்பது? பதிவு அலுவலகத்தில் கேட்டேன். "பத்திரம் பதிவாயிருச்சுல்லம்மா, அவ்வளவுதான்" என்றார்கள். பதிவானது பத்திரம். வீடு எங்கே?

இன்னொரு கொடுமை கேளுங்கள். கட்டி முடித்து, நிறைவுச் சான்றும் வாங்கிய வீட்டை வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கையில் மொத்தக் காசு இருப்பவர் காத்திருந்து, பார்த்து, அந்த வரியில்லாமல் வாங்கலாம். தவணையில்தான் முடியும் என்கிற எங்களைப் போன்றவர்கள், வெறும் பள்ளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, வரியும் கட்டணும். இது என்ன நியாயம்?

வருமான வரியிலாவது ஆறுதல் உண்டா? கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வீடு முடிந்தால்தான் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு. இல்லையென்றால் வெறும் 30,000. எங்கள் கெடு 2025 மார்ச் 31-ஓடு முடிந்தது. புதிய வரி முறைக்கு மாறினால் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே இல்லை. தாமதித்தவர் ஒருவர், தண்டனை எங்களுக்கா?

2023 டிசம்பர் 1 முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குப் பத்திரச் செலவில் சலுகை என்று தமிழக அரசு அறிவித்தது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவு 2. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதோடு மண்ணுக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே பத்திரம் என்று ஆக்கினார்கள். எழும்பாத சுவருக்கும் அதே 6 சதவீதம். என் 48 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 2,88,000 வருகிறது. பழைய முறையில் நான் கட்டியது 2,04,000. இதுவா சலுகை? வாங்குகிறவர் அதில் குடியிருக்கப் போகிறாரா, பத்தாவது வீடாக வாங்கிப் போடுகிறாரா என்று அந்த உத்தரவு கேட்கவே இல்லை.

கேட்கிற ஊர் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் புது வீடு வாங்கித் தானே குடிபோகிறவருக்கு, 2024 ஏப்ரல் முதல் 11 லட்சம் டாலர் விலை வரை சொத்து மாற்று வரி முழு விலக்கு. 92 நாளுக்குள் குடிபோகணும், முதல் வருஷம் அங்கேயே இருக்கணும் என்பவை முக்கிய நிபந்தனைகள். குடியிருப்பவரையும் வியாபாரியையும் பிரித்துப் பார்க்க அவர்களால் முடிகிறது. ஆதாரும் ரேஷன் கார்டும் மின் இணைப்பு எண்ணும் கையில் வைத்திருக்கும் நம் அரசுக்கு முடியாதா? ரேகையும் படமும் எடுத்துத்தானே என் பத்திரத்தைப் பதிந்தீர்கள்? எனக்கு வேறு வீடு இல்லை என்பது மட்டும் தெரியாதா?

பதிவுத்துறையை நடத்துகிறவர்களே, குடியிருக்க வாங்கும் முதல் வீட்டுக்கு இந்தத் தீர்வையை விலக்குங்கள். முழுக்க முடியாதென்றால், சாவி கைக்கு வரும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு எழும்பாமலே போனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். நான் தானம் கேட்கவில்லை. இல்லாத வீட்டுக்கு என்னிடம் வாங்கிய பணத்தைக் கேட்கிறேன்.