வீட்டு விவகாரம்

"அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொள்வது நம் நாட்டில் நெடுநாளைய மரியாதை. அடுத்த வீட்டில் புருஷன் மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டாலும், வயது வந்த மகன் தாயாரை வாசலில் பிடித்துத் தள்ளுவதைக் கண்டாலும், பாகம் பிரியாத நிலத்துக்காகத் தமையனும் தம்பியும் அரிவாள் எடுத்தாலும், நாம் அந்த மரியாதையைக் கைவிடுவதில்லை. தெருவிலே ஒருவனை ஒருவன் அடித்தால் கூட்டம் கூடிவிடுகிறது; அதே அடி வீட்டுக்குள்ளே விழுந்தால் ஊர் செவிடாகிவிடுகிறது. ஆனால் இந்த வாரம் நாம் நேயர்களோடு ஆலோசிக்க விரும்புவது ஊராரின் மௌனத்தைப் பற்றி மட்டுமன்று. இதைக் கவனிப்பதற்கென்றே ஏற்பட்டிருக்கும் சர்க்கார் இலாகாக்கள் இன்னும் நன்றாக எவ்வாறு கவனிக்கலாம் என்பதே நம் கேள்வி.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருஷத்துச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அது மனைவிமாருக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. தாய், சகோதரி, கணவனை இழந்து பிறந்த வீடு திரும்பிய மகள் ஆகிய அனைவரும் அதன் நிழலில் ஒதுங்கலாம். அடிப்பது மட்டுமல்ல, இடைவிடாத வசைமொழியும், செலவுக்குக் காசு தராமல் வதைப்பதும், நகையைப் பறித்துக்கொள்வதும் அச்சட்டப்படி வன்முறையே. எதிராளி ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பையும் 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு நீக்கிவிட்டது.

முதியோர்களுக்கென்று 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வேறு இருக்கிறது. ஆண், பெண் என்ற பேதமின்றி, புறக்கணிக்கப்பட்ட தகப்பனாரும் தாயாரும் ஆர்.டி.ஓ. தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். கடைசி வரையில் பேணிக் காப்பதாக நிபந்தனை பேசி எழுதி வாங்கிய வீட்டை, அந்த நிபந்தனை தவறினால் திரும்பப் பெறவும் அதன் 23-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இவ்வளவு இருந்தும் பலன் எப்படி? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தேச முழுவதற்கும் பார்த்தால், அடியும் கொடுமையும் பட்ட பெண்களில் யாரிடமாவது உதவி நாடிச் சென்றவர்கள் நூற்றுக்கு 14 பேர்தாம். அவர்களும் முதலில் நாடுவது உற்றார் உறவினரையே அன்றிப் போலீஸாரையோ டாக்டரையோ அல்ல. கதவு திறந்திருக்கிறது, ஆனால் படி ஏறுவார் இல்லை. ஏன்?

கடலூர் ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அறுபது வயது விதவை ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். குடித்துவிட்டு வரும் மகன் அவளை அடித்துப் பணம் பறிக்கிறான். அவள் முதலில் போவது உள்ளூர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே மனுவுக்கு ஒரு ரசீது கிடைக்கலாம். மகனைக் கூப்பிட்டு அதட்டியும் அனுப்பலாம். கை வீங்கியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "கீழே விழுந்துவிட்டேன்" என்கிறாள். சீட்டில் அப்படியே எழுதப்படுகிறது. முதியோர் சட்டத்தை யாரேனும் சொன்னால் சிதம்பரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறுகிறாள். பெண்கள் பாதுகாப்புச் சட்டத்தை யாரேனும் சொன்னால் பாதுகாப்பு அதிகாரியைத் தேடி ஜில்லாத் தலைநகரான கடலூருக்குச் சுமார் 70 கிலோமீட்டர் பிரயாணம். நான்கு இடங்களிலும் அவள் தன் மானத்தை நான்கு முறை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஓர் இடத்தில் சொன்னது மற்றோர் இடத்துக்குத் தெரியாது. மூன்றாம் முறை அடிபட்டு வரும்போதும் அவள் முதல் முறை வந்தவளாகவே கருதப்படுகிறாள்.

போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதற்கே அஞ்சும் மனமும் ஒன்று உண்டு. அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1992-இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனில் ஓர் ஏழை காவலில் மாண்டதையும், அவர் மனைவிக்கு அங்கேயே இழைக்கப்பட்ட கொடுமையையும் இந்தப் பிரதேசம் மறக்கவில்லை. அதே வருஷத்தில்தான் தமிழ்நாட்டில் மகளிர் போலீஸ் ஸ்டேஷன்கள் தொடங்கின. அவை பெருகியது நல்லதே. ஆயினும் கட்டடம் எழுப்பினால் நம்பிக்கை தானே எழுந்துவிடாது. அதை ஒவ்வொரு மனுவிலும் சம்பாதிக்க வேண்டும்.

நிற்க. புயலைப் பற்றி நம் கடற்கரைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் கடல் பொங்கியதையும், 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் முறித்துப் போட்டதையும் கண்டவர்கள் நாம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதும் கலெக்டர், போலீஸார், டாக்டர், மின்சார இலாகா, மீன்வளத் துறை எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். எந்தக் குப்பம் தாழ்வானது, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார் என்று பட்டியல் தயாராகிறது. அடி விழும் வீட்டுக்கு மட்டும் கூண்டு ஏற்றுவார் யாரும் இல்லை.

அங்கும் அறிகுறிகள் உண்டு. கழுத்தை நெரித்திருத்தல், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், கையில் ஆயுதம், அடியின் இடைவெளி குறைந்துகொண்டே வருதல், பிரிந்து போக முயன்றதும் பின்தொடருதல் ஆகியவை உயிருக்கு ஆபத்து நெருங்குவதைக் காட்டுவன என்று இத்துறையில் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரில் 2003 முதல் இதற்கு ஒரு முறை கையாளப்பட்டு, பிறகு பிரிட்டனில் பல இடங்களுக்கும் பரவியிருக்கிறது. போலீஸார், டாக்டர், வீட்டு வசதி இலாகாவினர், பெண்களுக்காக வாதாடும் ஊழியர் ஆகியோர் குறித்த காலத்தில் கூடி, மிகுந்த ஆபத்திலுள்ள குடும்பங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்தபடி யார் என்ன செய்வது என்று தீர்மானித்துக்கொள்கிறார்கள். வீட்டாரால் ஒருவர் கொல்லப்பட்டால், எந்த அலுவலகம் எந்தத் தருணத்தில் தடுத்திருக்கலாம் என்று ஆராயும் வழக்கமும் 2011 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி கட்டாயம். யாரையும் தூக்கில் போடுவதற்கன்று. அடுத்த உயிரைக் காப்பதற்கு.

இத்தகைய ஏற்பாட்டுக்குப் புதிய இலாகா எதுவும் வேண்டாம். இருக்கிறவர்களே போதும். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என மாதம் இரு கூட்டங்கள் நடக்கட்டும். மகளிர் போலீஸ் இன்ஸ்பெக்டர், பாதுகாப்பு அதிகாரி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தார், ஆஸ்பத்திரி டாக்டர், சட்ட உதவிக் குழுவினர், 'சகி' சேவை மையத்து ஊழியர் ஆகியோர் அமரட்டும். ஒருவரிடம் கொடுத்த மனு எல்லோரிடமும் கொடுத்ததாகக் கருதப்படட்டும். மனுதாரரின் இரகசியம் அந்த அறையைத் தாண்டாதிருக்கட்டும்.

இரண்டாவது, சமரசம் என்ற சொல்லைச் சற்று நிதானமாக உபயோகிக்க வேண்டும். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, "இருவரும் அனுசரித்துப் போங்கள்" என்பது சமரசமன்று. அது அடிக்கு அரசாங்க முத்திரை வைப்பது. 2006-ஆம் வருஷத்து விதிகளோ, ஆலோசனையின்போது அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிராளியை அனுமதிக்கலாகாது என்கின்றன. இனி வன்முறை செய்வதில்லை என்று அவரிடம் உறுதிமொழி பெற வேண்டும் என்கின்றன. முதலில் இருவரையும் தனித்தனியே கேட்பது, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே பிறகு பேச்சு நடத்துவது என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சுவரில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதவர்களும் காயத்துக்கு மருந்து போட வருவார்கள். உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்டில் யாராவது அடித்தார்களா?" என்று டாக்டரோ நர்ஸோ தணிந்த குரலில் ஒரு வார்த்தை கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அடிப்பவர் மனநோய்க்கு ஆளான மகனாகவோ சகோதரனாகவோ இருந்தால் சிறை மட்டும் பரிகாரமாகாது, வைத்தியமும் வேண்டும். நோயாளியைக் குற்றவாளியாக்குவதும் பிழை. குடியனை நோயாளி என்று சொல்லித் தப்பவிடுவதும் பிழை. பிரித்தறிவது டாக்டரின் கடமை.

நான்காவது, ஒரு சட்டத்தைக் கொண்டு மற்றொன்றை வெட்டுவது. மருமகளை வெளியேற்றுவதற்கு மாமனார் மாமியாரை முன்னிறுத்தி முதியோர் சட்டத்தைப் பயன்படுத்தும் மகன்களும் உண்டு. இரு சட்டங்களையும் இசைவாகவே படிக்க வேண்டும், மருமகளின் குடியிருப்பு உரிமையை அவ்விதம் பறிக்கக் கூடாது என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மனுவைப் பெறும் அதிகாரி, அந்த வீட்டில் வேறு எவர் அடிபடுகிறார் என்று கேட்கப் பழக வேண்டும்.

ஐந்தாவது, தூரமும் காலமும். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணையை வைக்க வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2005-ஆம் வருஷத்துச் சட்டம் மாஜிஸ்டிரேட்டுகளுக்குச் சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரி ஜில்லாவுக்கு ஒருவராக இருந்தால் இது ஏட்டுச் சுரைக்காய்தான். தாலுகா அளவிலும் அதிகாரிகளை நியமிக்கும்படி 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாகாணங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. அந்த அதிகாரி வேறு பத்து வேலைகளுக்கு நடுவே இதைச் செய்பவராக இராமல், இதையே வேலையாகக் கொண்டவராக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நம் போன்றோருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. இரவெல்லாம் விழித்திருந்த கண்களுடன் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை, வீட்டுக் கணக்குப் போடவில்லை என்பதற்காகப் பெஞ்சின் மேல் ஏற்றிவிடுவது எளிது. அந்த வீட்டில் இரவு என்ன நடந்தது என்று அன்போடு விசாரிப்பது சற்றுக் கடினம். பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567 என்னும் டெலிபோன் எண்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பதற்கு எந்த மேலதிகாரியின் உத்தரவும் தேவையில்லை.

பிறர் துயரைத் தன் துயராகக் கொள்ளும் பழக்கம் இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவருக்காக எரிந்துகொண்டிருக்கிறது. "உன் பசி உன் வீட்டு விவகாரம்" என்று அங்கே யாரும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அடிபட்டு வருகிறவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாதிருக்க நம் அலுவலகங்கள் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த வீட்டில் சத்தம் கேட்கும்போது ஜன்னலைச் சாத்தாமல், போய்க் கதவைத் தட்ட நாமும் கற்றுக்கொள்வோம்.